கயிறு பிடிக்க ஆள் எங்கே?

(தலைப்பு: தளர்நடைப் பிள்ளையை வளர்ப்பதில் விஞ்சி நிற்பது மகிழ்ச்சியே! – சிரமமே! 'சிரமமே' அணியின் நிறைவுப் பேச்சு)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! மகிழ்ச்சி, மகிழ்ச்சி என்று பேசியே எங்கள் மகிழ்ச்சியைக் கெடுத்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! கொற்கை மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே! நான் எழுந்து ஒலிபெருக்கி முன்னால் நின்றதுமே அழத் தொடங்கிய அந்தச் செல்லக் குழந்தையே! (சிரிப்பு)

ஐயா, அந்தப் பிள்ளை எதிரணித் தலைவி அம்மா பேசியபோது நன்றாகத் தூங்கியது. அவர் பேச்சு அப்படி ஒரு தாலாட்டு! (சிரிப்பு) இப்போது எழுந்துவிட்டது. அதன் தாய் முகத்தைப் பாருங்கள். ஒரு கையில் பை, ஒரு கையில் பிள்ளை, தோளில் பால் புட்டி, கண்ணில் "எல்லாரும் நம்மளத்தான் பாக்கிறாங்க" என்கிற கூச்சம். நான் எதிரணியைக் கேட்கிறேன், அந்த முகத்தில் தெரிவது மகிழ்ச்சியா, சிரமமா? கேமராக்காரத் தம்பி, அந்த அம்மாவைக் காட்டாதீர்கள், பாவம். நீ உட்காரும்மா, வெளியே போக வேண்டாம். பிள்ளை அழட்டும். எங்கள் அணிக்குச் சாட்சி சொல்ல வந்த பிள்ளை அது! (கைதட்டல்)

எதிரணியில் பேசியவர்கள் வள்ளுவரைக் கூப்பிட்டார்கள். பிள்ளையின் சின்னக் கை அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிக்கும் என்றார்கள். பாட்டை நான் திரும்பச் சொல்ல வேண்டாம், உங்களுக்கே மனப்பாடம். பிறகு புறநானூற்றில் 188ஆம் பாட்டைப் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பியைக் கூப்பிட்டார்கள். கொற்கைக்கு வந்துவிட்டுப் பாண்டியனைக் கூப்பிடாமல் போக முடியுமா? நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் இறைத்துக்கொண்டு குட்டி நடை நடந்து வருகிற பிள்ளையை அந்த அரசன் பாடியதை உருகி உருகிச் சொன்னார்கள். நானும் உருகினேன்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. அரசன் பாடினான், சரி. இறைந்த நெய்ச்சோற்றைத் துடைத்தது யார்? (சிரிப்பு, கைதட்டல்) அரண்மனையில் பிள்ளை சோற்றை இறைத்தால் துடைக்கப் பத்துப் பேர். நம்ம வீட்டில் இறைத்தால்? ஒரே ஆள். அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிகிற ஒரே ஆள்.

ஒன்றரை வயதுப் பிள்ளை உள்ள வீட்டை ஒரு நாள் பார்ப்போமா? உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் இரண்டு வயது வரை உள்ள பிள்ளை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டுமாம். நல்ல செய்திதான். ஆனால் எந்த 14 மணி நேரம் என்று அதில் போடவில்லையே ஐயா! (சிரிப்பு) நம்ம பிள்ளை பகலில் நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து "விளையாடலாமா?" என்று கேட்கிற மாதிரி சிரிக்கும். அந்தச் சிரிப்பு அழகுதான். ராத்திரி ஒரு மணிக்கு யாருக்கு வேண்டும் அந்த அழகு?

விடிந்தால் வேறு பாடு. மற்ற வீட்டில் சத்தம் வந்தால் பயம். பிள்ளை உள்ள வீட்டில் சத்தம் நின்றால் பயம்! "ஐயையோ, சத்தத்தையே காணலியே" என்று ஓடிப் பார்த்தால், மாவு டப்பா கவிழ்ந்திருக்கும். பிள்ளை வெள்ளைவெளேரென்று விபூதிச் சாமியார் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கும். உடன்குடிக் கருப்பட்டி ஒரு கையில், அப்பாவுடைய செருப்பு ஒரு கையில். இரண்டையும் மாற்றி மாற்றிச் சுவை பார்த்துக்கொண்டிருக்கும்! (சிரிப்பு) வீட்டுச் சாவியைத் தேடுகிறோம், காணோம். டிவி ரிமோட்டைத் தேடுகிறோம், காணோம். மூன்றாம் நாள் அரிசிப் பானையில் உழக்கை விட்டால் இரண்டும் வருகிறது.

பேச்சு வர ஆரம்பிக்கிறது. அம்மா என்கிறது, அப்பா என்கிறது. வீடே கொண்டாடுகிறது. அதற்கப்புறம் ஒரு சொல் வருகிறது பாருங்கள்: "மாத்தேன்!" குளிக்கலாமா கண்ணு? மாத்தேன். குளிக்க வைத்த பிறகு, வெளியே வா. மாத்தேன். சட்டை போடு. மாத்தேன். போட்ட சட்டையைக் கழற்று. மாத்தேன்! நடுத்தெருவில் மல்லாக்கப் படுத்து உருளும். போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன பிள்ள வளத்திருக்கா பாரு" என்று தாயைத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிற அப்பாவை யாரும் பார்ப்பதில்லை. அவரும் அந்தப் பிள்ளையை இப்போதுதான் முதல் முதலாகப் பார்க்கிற மாதிரி நிற்பார்! (சிரிப்பு)

இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. அந்த வயதில் ஆசை வளர்ந்துவிடுகிறது, ஆசையைச் சொல்லச் சொல் வளரவில்லை. கோபம் வந்துவிடுகிறது, கோபத்தை அடக்குகிற மூளை இன்னும் முதிரவில்லை. நாம் அடம் என்கிறோம். அது அடமில்லை, தவிப்பு. தவிக்கிற பிள்ளையை அமர்த்த அமைதியான ஒரு பெரிய ஆள் வேண்டும். ராத்திரி தூங்காத, காலையில் சாப்பிடாத ஒரு தாய்க்கு அந்த அமைதி எங்கிருந்து வரும்?

அதனால்தான் செல்போன் வருகிறது. முன்பு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினோம். நிலாவுக்குச் சார்ஜ் போட வேண்டாம், கீழே விழுந்தாலும் உடையாது! இன்று செல்போனைக் காட்டி ஊட்டுகிறோம். இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் திரையே காட்ட வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உடனே மேடையேறி, "இந்தக் காலத்துத் தாய்மார்களே, ஏன் செல்போனைக் கொடுக்கிறீர்கள்?" என்று திட்டுகிறோம். நான் கேட்கிறேன், அன்றைக்கு நிலாவைக் காட்டியது தாய் மட்டும்தானா? ஒருத்தி ஊட்டினால் ஒருத்தி நிலாவைக் காட்டினாள். ஆச்சி கதை சொன்னாள். அத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு திண்ணை வரைக்கும் போனாள். எதிர்வீட்டு அக்கா வாங்கிக்கொண்டாள். அத்தனை பேரும் போன இடத்தில்தான் ஐயா அந்தச் செல்போன் வந்து உட்கார்ந்திருக்கிறது! (நீண்ட கைதட்டல்)

இங்கேதான் உங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். கொற்கைப் பெரியவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள்.

பாண்டியரின் முத்துத் துறைமுகம் இந்தக் கொற்கை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் 'எரித்திரேயக் கடல் வழிகாட்டி' என்று ஒரு நூல் எழுந்தது. அதில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. பாண்டிய நாட்டு முத்துக் குளிப்பு இங்கே நடக்கிறது, தண்டனை பெற்ற கைதிகள் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. முத்தெடுப்பது அவ்வளவு கடினமான வேலை. முத்து என்றதும் நமக்குக் கழுத்து மாலை ஞாபகம் வருகிறது. அன்றைய அரசுக்கோ முத்து என்றதும் தண்டனை ஞாபகம் வந்திருக்கிறது!

பின்னாளில் அது பரதவப் பெருமக்களின் வீரத் தொழிலாகவே நடந்தது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். எப்படிக் குளித்தார்கள்? காற்று உருளை கிடையாது. முகமூடி கிடையாது. காலுக்கு ஒரு கல், இடுப்பிலோ கழுத்திலோ ஒரு பை, பிடித்து இறங்க ஒரு கயிறு. ஒரே மூச்சு. அந்த மூச்சுக்குள் அடித்தளம் வரைக்கும் இறங்கி, கைக்குக் கிடைத்த சிப்பியை எல்லாம் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இழுத்துவிடுவார்கள்.

யார் இழுப்பது? அதுதான் கேள்வி. படகில் ஒருவர் கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கண் கரையைப் பார்க்காது, பக்கத்துப் படகைப் பார்க்காது. அவர் உயிரெல்லாம் அந்தக் கயிற்றில் இருக்கும். கீழே போனவன் சுண்டின மாத்திரத்தில் இழுக்க வேண்டும். அவர் கொஞ்சம் அசந்தால் கீழே இருப்பவனுக்கு மூச்சு முட்டும். முத்து எடுத்தவன் பெயரை ஊர் சொல்லும். கயிறு பிடித்தவன் பெயரை யார் சொன்னார்கள்? ஆனால் அவன் இல்லாமல் ஒரு முத்தும் கரை சேர்ந்ததில்லை.

நடுவர் அவர்களே, பிள்ளை வளர்ப்பது முத்துக் குளிப்பு. தாய் கீழே போய்விட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருக்கிறாள். கயிற்றைச் சுண்டுகிறாள். மேலே கயிறு பிடிக்க ஆள் எங்கே? (கைதட்டல்)

எதிரணித் தம்பி ஒருவர், "உங்கள் அணித் தலைவரே பிள்ளைத்தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியவர்தானே, அவர் எப்படிச் சிரமம் என்று பேசலாம்?" என்று கேட்டார். தம்பி, கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைத்தமிழ் என்றால் என்ன? கடவுளையோ பெரியவரையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவமாகப் பாடுவது. ஆண்பால் பிள்ளைத்தமிழ் என்றால் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தாலாட்டு, ஒன்பதாம் மாதம் கைகொட்டுகிற சப்பாணி, 11ஆம் மாதம் முத்தம், 13ஆம் மாதம் 'வா வா' என்று நடக்கக் கூப்பிடுகிற வருகை. இப்படியே ஒற்றைப்படை மாதங்களாக எண்ணிக்கொண்டு போய் 21ஆம் மாதத்தில் சிறுதேர் உருட்டுவதோடு கணக்கை முடிப்பார்கள். ஒரு பிள்ளையின் முதல் 21 மாதத்துக்கு இப்படி மாதவாரியாக இலக்கணம் வகுத்த மொழி நம் மொழி. அதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் அந்த ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில்தான் என் மகன் பிறந்தான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! நூலகத்தில் நான் செங்கீரைப் பருவம் எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டில் அவன் தலையைத் தூக்கி ஆடியிருக்கிறான். நான் பார்க்கவில்லை. நான் சப்பாணிப் பருவம் எழுதியபோது அவன் கை கொட்டியிருக்கிறான். என் மனைவி வந்து சொன்னாள். "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் எழுதினேன். 21 மாதத்தையும் நான் காகிதத்தில் வளர்த்தேன். என் மனைவி தரையில் வளர்த்தாள்.

ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன். நடு அறையில் என் ஆராய்ச்சிக் குறிப்புச் சீட்டுகள் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. மாதக்கணக்கில் எழுதி அடுக்கி வைத்த சீட்டுகள். சில வாயில் போய்விட்டன, சில தண்ணீரில் மிதக்கின்றன. நடுவில் என் மகன் உட்கார்ந்து கை கொட்டிச் சிரிக்கிறான். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "பிள்ளயப் பாத்துக்கிறதைவிட உனக்கு வேற என்ன வேலை?" என்று மனைவியிடம் கத்தினேன். அவள் அடுப்படியிலிருந்து நிதானமாக வந்தாள். ஈரச் சீட்டு ஒன்றை எடுத்தாள்.

"இதுல என்னங்க எழுதியிருக்கீங்க?"

"சிற்றில் சிதைத்தல் பருவம். பெண் பிள்ளைகள் கட்டின மணல் வீட்டை ஆண் பிள்ளை காலால் கலைக்கிற அழகை..."

"அதத்தான் அவன் செஞ்சிருக்கான். பரீட்சைக்கு அவனையே அனுப்பிருங்க." (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பாடம் ஒன்று எனக்குப் பாக்கி இருந்தது.

1998ஆம் ஆண்டு. செல்போன் நம் கைக்கு வராத காலம். வெளியூரில் எனக்குப் பட்டிமன்றம். தலைப்பு என்ன தெரியுமா? பிள்ளை வளர்ப்பில் பெரும்பங்கு தாய்க்கா, தந்தைக்கா? நான் தந்தைக்கே என்று பேசினேன். நல்ல கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் வீடு பூட்டியிருக்கிறது.

எதிர்வீட்டு ஆச்சி வெளியே வந்தார்கள். "எய்யா, பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் ஏறி வெட்டு வந்துட்டு. ஒம் பொஞ்சாதி பிள்ளயத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நின்னு கத்துனா. எம் மவன்தான் ஆட்டோவ எடுத்துட்டுப் போனான். பயப்படாத, இப்ப தேவல" என்றார்கள்.

பொன்னாடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளை தூங்குகிறான். அவள் தூங்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, திட்டவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். (அமைதி) ஐயா, அன்றைக்கு அவள் கடலுக்கு அடியில் நின்று கயிற்றைச் சுண்டியிருக்கிறாள். மறு நுனியைப் பிடித்திருக்க வேண்டிய நான், தந்தையின் பெருமையைப் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். கயிற்றை இழுத்தவர் எதிர்வீட்டு ஆச்சி.

இதைக் கேட்கிற தாய்மார்களுக்கு ஒரு செய்தி. அதைக் காய்ச்சல் வலிப்பு என்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலின்போது வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஒரு நொடி தாமதிக்காதீர்கள். முதல் தடவை என்றால், நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்பாமாரும் கேட்டுக்கொள்ளுங்கள். இது அம்மாவுக்கு மட்டும் சொன்ன பாடமில்லை.

இதே தாமிரபரணிக் கரையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீவைகுண்டம். அங்கே பிறந்தவர் குமரகுருபரர். 17ஆம் நூற்றாண்டு. மதுரை மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய பெருமான். அந்தப் பிள்ளை ஐந்து வயது வரைக்கும் வாய் பேசவில்லை என்று சொல்வார்கள். பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடந்தார்கள். பேச்சு வந்தது. கந்தர் கலிவெண்பா பிறந்தது. இந்தக் கதையை எதிரணியினர் மகிழ்ச்சிக் கணக்கில் எழுதினார்கள்.

நான் கேட்கிறேன், அந்த ஐந்து வருஷம்? அப்பா சண்முகசிகாமணிக் கவிராயர். அம்மா சிவகாமசுந்தரி. கவிராயர் வீட்டில் பேசாத பிள்ளை! ஆற்றுக்குக் குளிக்கப் போனால் ஒருத்தி கேட்டிருப்பாள், "இன்னும் பேசலியா?" கோயிலுக்குப் போனால் ஒருத்தி கேட்டிருப்பாள். கல்யாண வீட்டில் ஒருத்தி, "எம் பேரன் ஒம்மவனுக்கு இளையவன், என்ன பேச்சு பேசுதான்!" என்றிருப்பாள். பிள்ளை பேசாத ஐந்து வருஷமும் ஊர் பேசியிருக்கும். அத்தனைக்கும் அந்த அம்மையார் என்ன பதில் சொல்லியிருப்பார்? மகன் பாடியதைப் படிக்கிறோம். தாய் பட்டதை யார் பாடினார்கள்? (கைதட்டல்)

இன்றும் அந்தத் தாய் நம் தெருவில் இருக்கிறாள். அவளிடம் "இன்னும் பேசலியா?" என்று கேட்காதீர்கள். "வாம்மா, நானும் கூட வாரேன், டாக்டர்ட்ட காட்டிருவோம்" என்று சொல்லுங்கள். அது கயிறு பிடிப்பது. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா காத்திருக்கக் கூடாது. சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவரிடமும் காட்டுங்கள்.

சட்டம் கயிறு பிடிக்கிறதே என்று சொல்லுவார்கள். 2017இல் மகப்பேற்றுச் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆக்கினார்கள். நல்ல சட்டம். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு 2021இல் 12 மாதமாக உயர்த்தினார்கள். அதைவிட நல்லது. ஆனால் பிள்ளைத்தமிழ்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். 26 வாரம் என்றால் ஆறு மாதம். செங்கீரை முடியும், ஏழாம் மாதத் தாலாட்டுக்குள் தாய் அலுவலகம் போயாக வேண்டும். 12 மாதம் என்றால்? 11ஆம் மாத முத்தம் வாங்கிவிடலாம். 13ஆம் மாதம் வருகைப் பருவம். பிள்ளை முதலடி எடுத்து வைத்துக் கையை நீட்டும்போது, வா என்று கூப்பிட அம்மா வீட்டில் இல்லை! தளர்நடைப் பிள்ளைக்கு இந்த விடுப்பில் பருவமே கிடையாது. இதுவும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரிக்குத்தான் கிடைக்கிறது. தூத்துக்குடி உப்பளத்துக்கு விடியுமுன்னே நாள்கூலிக்குப் போகிற தாய்க்கு எந்த வாரம், எந்த மாதம்? அவள் பிள்ளைக்கு ஆச்சிதான் சட்டம். ஆச்சி இல்லாத வீட்டில் மூத்த பிள்ளைதான் சட்டம்.

எதிரணித் தலைவி அம்மா கடைசியாக ஒரு குற்றச்சாட்டு வைத்தார். "சிரமம் என்று சொல்வது பிள்ளையைப் பாரம் என்று சொல்வதாகும்" என்றார். இல்லையம்மா. பாரம் வேறு, சிரமம் வேறு. பாரத்தை இறக்கி வைக்கப் பார்ப்போம். சிரமத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம். மகிழ்ச்சி, மகிழ்ச்சி என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு தாய் தன் களைப்பை யாரிடம் சொல்லுவாள்? சொன்னால், "இவளெல்லாம் ஒரு தாயா?" என்போம். அந்தப் பயத்தில் அவள் சிரித்துக்கொண்டே மூழ்குகிறாள். சிரமம் என்று ஒப்புக்கொண்டால்தான், "சரி, நான் என்ன செய்யட்டும்?" என்று அடுத்த கேள்வி வரும்.

அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. என் மகன் கேட்கிறான். அவனுக்கு இப்போது ஒன்றரை வயதில் ஒரு பையன். போன மாதம் ராத்திரி இரண்டு மணி. கூடத்தில் சத்தம் கேட்டு எழுந்து பார்க்கிறேன். என் மகன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இங்குமங்கும் நடக்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. "நீ போய்ப் படுல. காலைல வேலைக்குப் போணும்லா" என்றேன். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவளுக்கும் காலைல வேலை இருக்குல்லாப்பா" என்றான். (கைதட்டல்)

உள்ளேயிருந்து என் மனைவி குரல் வந்தது. "அவன் யார்ட்ட படிச்சானோ, நிச்சயமா ஒங்ககிட்ட இல்ல!" (பலத்த சிரிப்பு)

ஐயா, டாக்டர் பட்டம் வாங்கி எத்தனையோ வருஷம் கழித்து, அந்த ராத்திரியில்தான் எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. தோற்றுப்போனேன். ஆனால் தோற்றவன் சும்மா இருக்கவில்லை. "கொடுல, ஒரு மணி நேரம் நான் வச்சுக்கிறேன்" என்று வாங்கினேன். பேரன் என் கண்ணாடியைப் பிடுங்கினான், மீசையைப் பிடித்து இழுத்தான். அழுதான், நானும் அழுதுவிடுவேன் போல இருந்தது. கை வலித்தது, முதுகு வலித்தது. நாலு மணிக்குத் தூங்கினான். காலையில் எழுந்தவன் வாழைப்பழம் அப்பின வாயோடு வந்து என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தான்.

திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் பகழிக்கூத்தர் ஒரு கணக்குப் போடுவார். சங்கில் பிறந்த முத்துக்கு விலை உண்டு, மேகத்தில் பிறந்த முத்துக்கும் விலை உண்டு, முருகா, உன் வாய் தருகிற முத்தத்துக்கு மட்டும் விலை இல்லை என்பது அவர் கருத்து. முத்து விளைந்த கரையில் நின்றுகொண்டு ஒரு புலவர் போட்ட கணக்கு அது. என் ஆராய்ச்சியில் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறேன். பொருள் விளங்கியது அன்று காலையில்தான். எதிரணி சொல்கிற மகிழ்ச்சி அதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரிச் சிரமத்தில் இறங்காதவன் கைக்கு அந்த முத்து வராது. இறங்காமல் கரையில் நின்று விலை பேசுகிறவன் வியாபாரி. இறங்கினவளுக்குத்தான் முத்து!

முடிக்கப் போகிறேன் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள்.

இந்தக் கொற்கை ஒரு காலத்தில் கடலோரத் துறைமுகம். கப்பல் வந்த ஊர். இன்று கடல் எங்கே இருக்கிறது? நாலைந்து மைல் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி வண்டல் கொண்டு வந்து போட்டது, கடல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. துறைமுகம் காயலுக்குப் போனது, பிறகு தூத்துக்குடிக்குப் போனது. நம்மைச் சுற்றி இப்போது வயலும் வாழையும் நிற்கின்றன. கடல் விலகுகிறபோது யாரிடமும் சொல்லிக்கொண்டு விலகவில்லை.

பிள்ளைப் பருவமும் அப்படித்தான். 21 மாதம், மிஞ்சிப்போனால் மூன்று வருஷம். ஒரு நாள் தூக்கி இறக்கி விடுகிறோம். அதுதான் கடைசியாகத் தூக்கியது என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. "மாத்தேன்" என்ற பிள்ளை ஒரு நாள் "மாட்டேன்" என்று திருத்தமாகச் சொல்லும். கடல் விலகிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் வயக்காட்டு நடுவில் படகை வைத்துக்கொண்டு, "நான் இப்ப ரெடி, கயிறு எங்கே?" என்று கேட்டு என்ன பயன்? நான் கேட்டவன், அதனால் சொல்கிறேன். எனக்குப் பேரன் வந்தான், இன்னொரு கடல் கிடைத்தது. எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே நடுவர் அவர்களே, "சிரமமே" என்று தீர்ப்புச் சொல்லுங்கள். எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்ல வேண்டாம். அந்தத் தீர்ப்பைக் கேட்டாவது இங்கே உட்கார்ந்திருக்கிற அப்பாமார்களும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற அப்பாமார்களும் இன்றைக்கு ராத்திரி பிள்ளை அழும்போது, தூங்குகிற மாதிரி நடிக்காமல் ஒரு தடவை எழுந்திருக்கட்டும். (நீண்ட கைதட்டல்)

அதோ பாருங்கள், அந்தக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. ஏன் தெரியுமா? முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒருவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த அம்மா இப்போதுதான் பேச்சைக் கேட்கிறாள். என் பேச்சு முடிந்துவிட்டதம்மா, அடுத்த பேச்சைக் கேள்! (சிரிப்பு)